தீட்டா பத்து: பாமா ஸ்ரீனிவாசனின் கணித வாழ்க்கை

அமெரிக்கக் கணிதக் கழகத்தின் 'டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழில் 1968இல் ஒரு கட்டுரை வந்தது. 131ஆவது தொகுதி, 488ஆம் பக்கத்தில் தொடங்கி 38 பக்கம். அத்தனை பக்கக் கணக்குக்கும் கிடைத்த பலன் ஓர் அட்டவணை. எழுதியவர் பாமா ஸ்ரீனிவாசன். மெட்ராஸில் பிறந்தவர். அந்தக் கட்டுரை அச்சேறிய ஆண்டில் மெட்ராஸிலேயே, ராமானுஜன் பெயரில் அமைந்த கணித நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்.

அந்த அட்டவணையின் வரிகளில் ஒன்றுக்குப் பெயர் தீட்டா பத்து. பெயருக்குப் பின்னால் தனிக் காரணம் எதுவும் கிடையாது. வரிகளுக்குத் தீட்டா ஒன்று, தீட்டா இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே வந்தார். இதற்குப் பத்து விழுந்தது. ஆனால் உலகில் எந்த மூலையில் யார் இந்தத் துறையில் கட்டுரை எழுதினாலும் இன்றைக்கும் அந்த வரியை அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். பத்து ஆண்டுக்குள் அந்த ஒற்றை வரி, ராமானுஜனின் புகழ்பெற்ற ஊகம் ஒன்றை எதுவரை நீட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கே சாட்சியாக வந்து நின்றது.

ராமானுஜன் பெயரை அறியாத தமிழர் இல்லை. பாமா ஸ்ரீனிவாசன் என்று சொன்னால் கணிதத்தில் பட்டம் வாங்கியவர்கள்கூடக் கொஞ்சம் யோசிக்கிறார்கள். எனக்கு இது நெடுநாள் வருத்தம். அவர் செய்தது என்ன என்பதைத் தமிழில் முடிந்தவரை விளக்கிப் பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் கூட்டல், பெருக்கல் வரும். அதைத் தாண்டிக் குதிக்காமல் படித்தால்தான் விஷயத்தின் ருசி தெரியும்.

ஒரு சதுரக் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். காகிதத்தை எடுத்து, திருப்பி, புரட்டி, மறுபடி அதே கோட்டுக்குள் வையுங்கள். எத்தனை விதமாக வைக்கலாம்? எட்டு. சும்மா அப்படியே வைப்பது ஒன்று. 90, 180, 270 பாகை சுழற்றுவது மூன்று. புரட்டுவது நான்கு: எதிர்ப் பக்கங்களின் நடுவை இணைக்கும் கோட்டைப் பிடித்து இரண்டு, மூலைவிட்டத்தைப் பிடித்து இரண்டு. ஒன்றைச் செய்து, அப்புறம் இன்னொன்றைச் செய்தால் விடை அந்த எட்டுக்குள்ளேயே இருக்கும். எதைச் செய்தாலும் அதை ரத்து செய்யும் ஒன்றும் அதற்குள் உண்டு. இப்படிப்பட்ட தொகுப்புக்குத்தான் கணிதத்தில் குலம் என்று பெயர். சுழற்றிவிட்டுப் புரட்டுவதும் புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒரே இடத்தில் கொண்டுவந்து விடாது என்பதைக் காகிதத்தின் மூலைகளில் எண் எழுதிச் செய்து பார்த்தாலே தெரியும். குலக் கோட்பாட்டின் கடினம், அழகு இரண்டுமே இந்த வரிசை வேறுபாட்டில்தான் இருக்கின்றன.

குலத்தை நேரடியாகப் பிடித்து ஆராய்வது கஷ்டம். அதனால் ஒவ்வோர் உறுப்பையும் ஓர் அணியாக எழுதிக்கொள்வார்கள். 90 பாகைச் சுழற்சியை இரண்டுக்கு இரண்டு அணியாக எழுதலாம் என்பது பிளஸ் டூ படித்தவர்களுக்குத் தெரியும். அணி முழுவதையும்கூடச் சுமக்க வேண்டாம். முதன்மை மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களை மட்டும் கூட்டி எழுதிக்கொண்டால் போதும். இந்தக் கூட்டுத்தொகைகளின் வரிசைக்குக் கேரக்டர் என்று பெயர். சதுரத்துக்கு அது இப்படி வரும்: சும்மா வைப்பதற்கு 2, 90 பாகைக்கும் 270க்கும் 0, 180க்குக் கழித்தல் 2, நான்கு புரட்டலுக்கும் 0. இந்த எட்டு எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4, இன்னொரு 4, ஆக 8. எட்டு உறுப்புகளால் வகுத்தால் 1. இந்த 1 வந்துவிட்டால் அந்த வரியை மேற்கொண்டு உடைக்க முடியாது என்று பொருள். 2 வந்திருந்தால் அது இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டிருப்பது.

சதுரத்துக்கு இப்படி உடைக்க முடியாத வரிகள் மொத்தம் ஐந்து. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் வருவதுதான் கேரக்டர் அட்டவணை. சும்மா வைப்பதற்கு வரும் எண்ணை வரியின் அளவு என்போம். அந்த அளவுகள் 1, 1, 1, 1, 2. வர்க்கங்களைக் கூட்டினால் 8, குலத்தின் உறுப்புகளின் எண்ணிக்கையே வருகிறது. எந்த முடிவுறு குலத்துக்கும் இது பொருந்தும். இந்த ஐந்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எதிர்பாராத இடத்தில் திரும்ப வரும்.

பாமா ஸ்ரீனிவாசன் பிறந்தது 1935 ஏப்ரலில். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் 1954இல் இளங்கலை, 1955இல் முதுகலை முடித்து, ஆய்வுக்காக இங்கிலாந்தின் மான்செஸ்டர் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டி ஜே. ஏ. கிரீன். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியர்களின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணியில் இருந்தவர்களில் ஒருவர். பாமா முதுகலை முடித்த அதே 1955இல்தான் கிரீனின் மிகப் பெரிய கட்டுரை வெளியாகியிருந்தது. அவர் செய்த காரியத்தைச் சொல்ல, முடிவுறு களம் என்ற ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

0, 1, 2 ஆகிய மூன்று எண்கள் மட்டுமே உள்ள உலகை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பெருக்கி வருவதை மூன்றால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 2 கூட்டல் 2 என்றால் 1. இந்த உலகில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் ஒழுங்காக நடக்கும். பகா எண்ணோ, ஒரு பகா எண்ணின் அடுக்கோ எதுவாக இருந்தாலும் அத்தனை உறுப்புகள் கொண்ட இப்படியோர் உலகம் உண்டு. அந்த எண்ணிக்கையைக் க்யூ என்று குறிப்பது வழக்கம். இந்த உலகத்து எண்களை வைத்து அணிகள் எழுதினால், அணிகளாலான முடிவுறு குலங்கள் கிடைக்கும். முடிவுறு குலங்களின் அடிப்படைக் கற்களான எளிய குலங்களில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே இவற்றின் கேரக்டர் அட்டவணை தெரியாமல் குலக் கோட்பாட்டில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

தலைகீழ் உள்ள எல்லா அணிகளையும் சேர்த்த பொது நேரியல் குலத்துக்கு, அணி எந்த அளவாக இருந்தாலும், க்யூ எதுவாக இருந்தாலும் செல்லும்படி முழு அட்டவணை போடும் வழியைக் கிரீன் 1955இல் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த கேள்வி தானாக வருகிறது: மற்ற அணிக் குலங்களுக்கு?

முனைவர் பட்டத்துக்குப் பாமா எடுத்துக்கொண்டது மாடுலர் பிரதிநிதித்துவம், அதாவது எண்களை ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக் குலங்களைப் பார்க்கும் கிளை. 1960 முதல் 1964 வரை கீல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1965-66இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். அப்புறம் ஊர் திரும்பி, 1966 முதல் 1970 வரை ராமானுஜன் நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் தொடங்கி, பிறகு மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நிறுவனம் அது.

அவர் கையிலெடுத்த குலம் நான்கு பரிமாண சிம்ப்ளெக்டிக் குலம், சுருக்கமாக எஸ்பி-4. சிம்ப்ளெக்டிக் என்பது ஹெர்மன் வைல் 1939இல் உருவாக்கிய சொல். இயற்பியல் படித்தவர்கள் நிலையையும் உந்தத்தையும் சோடி சோடியாகப் பிரிப்பார்களே, அதே மாதிரி நான்கு ஆயங்களை இரண்டு சோடியாக்கி, அந்தச் சோடிகளில் விழும் பரப்புகளின் கூட்டுத்தொகை மாறாமல் காக்கும் அணிகளை மட்டும் திரட்டினால் இந்தக் குலம் கிடைக்கும். க்யூ 3 என்றால் இதில் 51,840 உறுப்புகள். க்யூ 5 என்றால் 93,60,000. அட்டவணையின் வரிகள் முதலாவதற்கு 34, இரண்டாவதற்கு 60. ஆனால் பாமா இந்த இரண்டை மட்டும் போடவில்லை. க்யூ ஒற்றைப்படையாக எதுவாக இருந்தாலும் பொருந்தும்படி, க்யூவை எழுத்தாகவே வைத்துக்கொண்டு மொத்த அட்டவணையையும் போட்டார்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெரிய குலத்துக்குள் சின்னக் குலங்கள் இருக்கும். அவற்றின் வரிகள் சுலபமாகத் தெரியும். அந்த வரிகளைப் பெரிய குலத்துக்கு ஏற்றிக் கட்ட ஒரு வழி இருக்கிறது. கட்டினால் வருவது பெரும்பாலும் பல வரிகள் ஒட்டிய கட்டு. சதுரத்துக்குச் செய்ததைப் போல வர்க்கங்களின் சராசரி எடுத்து எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து, தனி வரியாகப் பிரித்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் கணக்கு இடிக்கும்: அளவுகளின் வர்க்கத்தைக் கூட்டினால் குலத்தின் உறுப்பு எண்ணிக்கைக்குக் குறைவாக வரும். ஏற்றிக் கட்டும் வழிக்குப் பிடிபடாத வரிகள் எங்கேயோ ஒளிந்திருக்கின்றன என்று அதற்குப் பொருள். அவற்றை வேறு வழியில் தேடிப் பிடிக்க வேண்டும்.

க்யூ 3ஐயே எடுத்துக்கொள்வோம். எஸ்பி-4 இயங்கும் வெளியில், சுழியத்தை விட்டுவிட்டு, ஒன்று மற்றொன்றின் மடங்காக இருப்பவற்றை ஒரே புள்ளியாக எண்ணினால் 40 புள்ளிகள் இருக்கின்றன. சோடிப் பரப்பு சுழியமாகும் கோடுகளை மட்டும் எடுத்தால் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் 4 கோடுகள் போகும். புள்ளியும் அதன் வழியே போகும் கோடுமாகச் சேர்த்து எண்ணினால் 160 சோடிகள். குலம் இந்த 160ஐயும் இடம் மாற்றி மாற்றி வைக்கிறது. அதிலிருந்து 160 அளவுள்ள ஒரு கட்டு கிடைக்கிறது. அதை உடைத்தால்: 1, 15, 15, 81 ஆகியவை ஒவ்வொரு தடவை; 24 மட்டும் இரண்டு தடவை. கூட்டிப் பாருங்கள், 160 வரும்.

ஐந்து வெவ்வேறு வரிகள். வந்த தடவைகள் 1, 1, 1, 1, 2. சதுரத்தின் அளவுகள் அப்படியே! தற்செயல் கிடையாது இது. எஸ்பி-4இன் எலும்புக்கூடாக உள்ளே இருப்பது சதுரத்தின் எட்டு உறுப்புக் குலம்தான். வைல் குலம் என்று சொல்வார்கள். காகிதத்தைத் திருப்பிப் புரட்டிக் கண்ட ஐந்து வரிகளும் இந்தப் பெரிய குலத்தின் ஐந்து வரிகளை ஆட்டிவைக்கின்றன. முதல் தடவை இதைக் காகிதத்தில் போட்டுச் சரிபார்த்தபோது கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, தீட்டா பத்து எங்கே? அதன் அளவைச் சொல்லும் சூத்திரம் இது: க்யூவிலிருந்து 1ஐக் கழித்து வர்க்கப்படுத்தி, க்யூவால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். க்யூ 3 என்றால் 6. மேலே உள்ள 160க்குள் இந்த 6 இல்லை. எந்தச் சின்னக் குலத்திலிருந்து அந்த வழியில் ஏற்றிக் கட்டினாலும் அது வராது. ஆனால் 1, 15, 15, 24, 81 ஆகிய ஐந்துக்கும் அது கூடப்பிறந்தது. குடும்பத்தில் ஆறாவது பிள்ளை. சதுரத்துக்குத் தெரியாத பிள்ளை.

கிரீன் அட்டவணை போட்ட பொது நேரியல் குலத்தில் இப்படியொன்று கிடையவே கிடையாது. அங்கே அந்தக் குடும்பம் முழுவதையும் வைல் குலமே கணக்குக் காட்டிவிடும். அதை மட்டும் பார்த்தவர்கள், எல்லா அணிக் குலங்களும் அப்படித்தான் என்று நம்பியிருக்கலாம். அப்படி இல்லை என்று காட்டும் மிக எளிய உதாரணம் பாமாவின் இந்த வரி. ஆசிரியர் திறந்த வழியிலேயே நடந்துபோய், அந்த வழி முடியும் இடத்தை மாணவி கண்டுபிடித்தார் என்பேன்.

இந்த 6க்கு இன்னொரு முகமும் உண்டு. கூர்முனைகள் இல்லாத மூன்றாம் படிப் பரப்பு ஒன்றின் மேல் சரியாக 27 நேர்க்கோடுகள் இருக்கும் என்று கெய்லியும் சால்மனும் 1849இல் கண்டார்கள். அந்தக் கோடுகளின் ஒழுங்கைக் குலைக்காமல் இடம் மாற்றும் குலத்தில் சரிபாதியாக 25,920 உறுப்புள்ள குலம் ஒன்று இருக்கிறது. க்யூ 3க்கான எஸ்பி-4இல் கூட்டல் கழித்தல் குறி வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கிடைப்பதும் அதே குலம். அதை ஆறு பரிமாண வெளியின் சுழற்சிகளாக எழுதும் இயல்பான வழியைத்தான் தீட்டா பத்து இங்கே சொல்கிறது.

பாமா கட்டுரை எழுதிய காலத்தில் இந்தக் குடும்பம், பிள்ளை என்ற பேச்செல்லாம் கிடையாது. அட்டவணை இருந்தது, அதற்குக் காரணம் சொல்லும் கோட்பாடு இல்லை. கோட்பாடு வந்தது 1976இல். பியர் டெலீனும் ஜார்ஜ் லுஸ்டிக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வெளியானது. முடிவுறு குலத்தின் வரிகளைப் பிடிக்க அவர்கள் வடிவியலைக் கொண்டுவந்தார்கள். குலம் இயங்கும் ஒரு வளைபரப்பை உண்டாக்கி, அந்தப் பரப்பின் ஓட்டைகளை அளக்கும் கருவியான கோஹோமாலஜியிலிருந்து கேரக்டர்களை எடுத்தார்கள். இந்த வழியில் கழித்தல் குறியோடும் வரிகள் வரும்.

இப்போது நம்முடைய க்யூ 3 கணக்குக்குத் திரும்புவோம். பழைய வழியில் 160 அளவுள்ள கட்டு கிடைத்தது அல்லவா? வைல் குலத்தில் 90 பாகைச் சுழற்சியை எடுத்துக்கொண்டு டெலீன்–லுஸ்டிக் வழியில் கட்டினால் 64 அளவுள்ள ஒன்று கிடைக்கும். அதன் உள்ளடக்கம்: 1 கூட்டல் 81, கழித்தல் 24, கூட்டல் 6. விடை 64. அந்த 6, தீட்டா பத்து. பழைய வலையில் விழாத மீன் புதிய வலையில் விழுந்துவிட்டது. அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று சொல்ல முடிவதும் இதனால்தான்.

லுஸ்டிக் பிறகு எல்லாச் சிம்ப்ளெக்டிக் குலங்களுக்கும் இத்தகைய தனிப் பிள்ளைகள் எங்கே பிறக்கும் என்று கண்டுபிடித்தார். நான்கு பரிமாணத்தில் ஒன்று, அடுத்தது 12 பரிமாணத்தில், அதற்கடுத்தது 24இல். எஸ்பி-4இலேயே ஒன்று தட்டுப்பட்டது அதிர்ஷ்டம். அடுத்ததைப் பார்க்க 12 பரிமாணம் வரை யாராவது கையால் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த அதிர்ஷ்டம் அட்டவணையை முழுசாகப் போட்டு முடித்தவருக்குத்தான் கிடைக்கும். நடுவில் நிறுத்தியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

இனி ராமானுஜன். 1916இல் அவர் டவ் என்ற எண் வரிசையை ஆராய்ந்தார். டவ் 2 என்பது கழித்தல் 24, டவ் 3 என்பது 252. பகா எண் எதுவானாலும் டவ்வின் மதிப்பு, அந்தப் பகா எண்ணின் ஐந்தரை அடுக்கைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது என்று ஊகித்தார். 3க்கு அந்த எல்லை ஏறக்குறைய 842. 252 அதற்குள் அடங்குகிறது. இந்த ஊகத்தை 1974இல் நிறுவியவர் அதே டெலீன். இதற்கிடையில் கணிதர்கள் இந்த ஊகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். டவ் என்பது இரண்டுக்கு இரண்டு அணிக் குலத்தோடு பிணைந்த சங்கதி. அப்படியானால் மற்ற அணிக் குலங்களுக்கும் இதே மாதிரிக் கட்டுப்பாடு இருக்க வேண்டாமா? இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

1977இல் அமெரிக்காவின் கோர்வாலிஸ் நகரில் டவ் போன்ற வரிசைகளைப் பிறப்பிக்கும் ஆட்டோமார்ஃபிக் வடிவங்கள் பற்றிய பெரிய மாநாடு நடந்தது. 1979இல் வந்த அதன் தொகுப்பில் ரோஜர் ஹௌவும் பியாடெட்ஸ்கி-ஷாப்பிரோவும் எழுதிய கட்டுரை, அந்த எதிர்பார்ப்பு அப்படியே உண்மையல்ல என்று காட்டியது. அவர்கள் காட்டிய எதிர் உதாரணம் எஸ்பி-4இல் இருக்கிறது. அதைக் கட்ட அவர்கள் எடுத்துக்கொண்ட செங்கல் தீட்டா பத்து. பொது நேரியல் குலத்தின் வரிகளை நம்பி எழுப்பிய எதிர்பார்ப்பு, அந்தக் குலத்தில் இல்லாத ஒரு வரியால் உடைந்தது.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ராமானுஜன் சொன்னது முழு உண்மை, நிறுவப்பட்டது. உடைந்தது பின்னால் வந்தவர்கள் நீட்டிய வடிவம். எங்கே நீட்டலாம், எந்த வகை வரிகளை விலக்கிவிட்டு நீட்டலாம் என்று அதற்கப்புறம்தான் தெளிவானது. மெட்ராஸில் ராமானுஜன் பெயர் தாங்கிய நிறுவனத்தில் இருந்தவரின் அட்டவணையிலிருந்து அந்தத் தெளிவு வந்திருக்கிறது. இதை நம் ஊர்ப் பள்ளிகளில் ஒருமுறையாவது சொல்ல வேண்டாமா?

1970இல் பாமா அமெரிக்கா போனார். கிளார்க் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டு, அப்புறம் 1980இலிருந்து சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகம். அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். டெலீன்–லுஸ்டிக் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. துறையின் மொழியே மாறிப்போயிருந்தது. கையால் கூட்டிக் கழித்து வரிகளைப் பிரித்த கலையில் தேர்ந்தவர்களுக்கு, கோஹோமாலஜியும் இயற்கணித வடிவியலும் அந்நிய நாடு. பலர் ஒதுங்கிக்கொள்ளும் வயது அது. அவர் அந்த வடிவியலைக் கற்றார், கற்றதோடு நிற்காமல் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். 1979இல் ஸ்பிரிங்கர் விரிவுரைக் குறிப்பு வரிசையில் 764ஆவது தொகுதியாக வந்த அவருடைய நூல், புதிய கோட்பாட்டுக்குள் குலக் கோட்பாட்டுக்காரர்கள் நுழைவதற்கு ஒரு வாசல்.

அப்புறம் வந்தது பால் ஃபாங்கோடு சேர்ந்து செய்த வேலை. இருவரும் சிகாகோவில் ஒரே துறை. முனைவர் பட்டக் காலத்துப் பழைய ஆசையான மாடுலர் கேள்விக்கு, புதிதாகக் கற்ற கருவியோடு பாமா திரும்பினார். கேள்வி இதுதான்: அட்டவணையின் எண்களை ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், தனித்தனியாக நின்ற வரிகள் சில ஒன்றோடொன்று பிணைந்து கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும். அந்தக் கொத்துகளுக்கு பிளாக் என்று பெயர். எந்த வரி எந்தக் கொத்தில் விழும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது?

விடை இவ்வளவு கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு சின்னக் குலத்தில் காட்டுகிறேன். 0, 1 மட்டும் உள்ள உலகில் மூன்றுக்கு மூன்று அணிகளின் குலம், 168 உறுப்புகள். அதன் வரிகள் ஆறு: அளவுகள் 1, 3, 3, 6, 7, 8. (வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 168.) இவற்றில் 1, 6, 8 ஆகிய மூன்றும் வைல் குலத்தோடு பிணைந்த குடும்பம். அவற்றை மூன்று கட்டங்களால் வரையலாம். 1 என்பது மூன்று கட்டம் ஒரே வரிசையாகக் கிடப்பது. 8 என்பது மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது. 6 என்பது மூலை மடிந்த வடிவம்: மேலே இரண்டு, கீழே ஒன்று.

இப்போது பகா எண் 3ஐ எடுத்துக்கொள்வோம். க்யூ இங்கே 2. 2ஐ எத்தனை முறை பெருக்கினால் 3ஆல் வகுத்து மீதி 1 வரும்? இரண்டு முறை, நான்கை மூன்றால் வகுத்தால் மீதி 1. ஆகவே விளையாட்டு இது: படத்தின் ஓரத்திலிருந்து இரண்டு கட்டம் ஒட்டிய ஒரு டாமினோவை உருவ வேண்டும், மிச்சம் ஒழுங்கான படமாக இருக்க வேண்டும். கிடக்கும் வரிசையிலிருந்து உருவலாம், ஒற்றைக் கட்டம் மிஞ்சும். நிற்கும் வரிசையிலிருந்தும் உருவலாம், அங்கேயும் ஒற்றைக் கட்டமே மிஞ்சும். மிச்சம் ஒன்றானதால் 1உம் 8உம் ஒரே கொத்து. மூலை மடிந்த வடிவத்திலிருந்து எந்த டாமினோவையும் உருவ முடியாது. ஆகவே 6 தனியாக நிற்கும். அட்டவணையை எடுத்து நேரடியாகச் சரிபார்த்தாலும் 3க்கான கொத்துகள் இதையே சொல்கின்றன: 1, 7, 8 சேர்ந்து ஒரு கொத்து, 6 தனி, 3கள் இரண்டும் தனித்தனி.

கட்டங்களை உருவும் இந்த விளையாட்டு வரிசைமாற்றக் குலங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நாகயாமா 1940இல் ஊகித்தார், பிரவுவரும் ராபின்சனும் 1947இல் நிறுவினார்கள். அதே விளையாட்டு, க்யூவுக்கும் பகா எண்ணுக்கும் உள்ள உறவால் டாமினோவின் நீளம் மட்டும் மாறி, அணிக் குலங்களையும் ஆள்கிறது என்று ஃபாங்கும் பாமாவும் காட்டினார்கள். பொது நேரியல் குலங்களுக்கும் யூனிட்டரி குலங்களுக்குமான கட்டுரை 1982இல் 'இன்வென்ஷியோனஸ்' இதழில் வந்தது. சிம்ப்ளெக்டிக், ஆர்த்தோகனல் குலங்களுக்கானது 1989இல் 'கிரெல்லே' இதழில். அதே மூலை மடிந்த கட்டங்களும் டெலீன்–லுஸ்டிக் வடிவியலும் ஏன் கைகோத்துக்கொள்கின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு புரூவே, மாலே, மிஷேல் மூவரும் 1993இல் எல்லா வகை அணிக் குலங்களுக்கும் அதை விரித்தார்கள். இன்றைக்கு மாடுலர் பிரதிநிதித்துவத்தில் நடக்கும் பெரிய வேலைகள் பல இந்தப் பாதையில்தான் போகின்றன.

1990இல் அமெரிக்கப் பெண் கணிதர் சங்கம், ஜெர்மானியக் கணிதர் எம்மி நோய்த்தர் பெயரில் நடத்தும் சொற்பொழிவுக்கு அவரை அழைத்தது. அவர் வைத்த தலைப்பின் பொருள், 'முடிவுறு குலக் கோட்பாட்டுக்குள் வடிவியலின் படையெடுப்பு'. படையெடுப்புக்கு முன்னும் பின்னும் அந்த நாட்டில் குடியிருந்தவர் சொல்வதற்கு ஏற்ற தலைப்பு.

அந்தச் சங்கத்தின் தலைவராக அவர் 1981 முதல் 1983 வரை இருந்தார். 1982இல் எம்மி நோய்த்தர் பிறந்து நூறாண்டு ஆனபோது, நோய்த்தர் தம் கடைசிக் காலத்தில் பணியாற்றிய பிரின் மார் கல்லூரியில் கருத்தரங்கம் நடந்தது. அதை நடத்தியதில் பாமாவுக்குப் பெரும் பங்கு. ஜூடித் சாலியோடு சேர்ந்து அந்தத் தொகுப்பைப் பதிப்பித்தவரும் அவரே. நாஜி ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு அமெரிக்கா வந்த நோய்த்தர், பிரின் மாரில் 1935 ஏப்ரலில் இறந்தார். பாமா மெட்ராஸில் பிறந்த அதே ஏப்ரல்.

பாமாவின் 1968 கட்டுரையில் க்யூ எப்போதும் ஒற்றைப்படை. இரட்டைப்படை க்யூவுக்கான அட்டவணையை ஜப்பானின் எனோமோட்டோ 1972இல் போட்டார். அங்கேயும் தீட்டா பத்துக்குச் சமமான வரி இருக்கிறது, அளவின் சூத்திரமும் அதேதான். க்யூ 2 என்று வைத்துப் பாருங்கள். 2இலிருந்து 1 போக 1, அதன் வர்க்கம் 1, இரண்டால் பெருக்கினால் 2, பாதி 1. அளவு வெறும் 1. க்யூ 2க்கான எஸ்பி-4 என்பது ஆறு பொருள்களை வரிசை மாற்றி வைக்கும் 720 உறுப்புக் குலமேதான். அந்தக் குலத்தில் இந்த வரியின் மதிப்புகள் கூட்டல் 1, கழித்தல் 1 ஆகிய இரண்டு மட்டும்: இரட்டை எண்ணிக்கையில் இடம் மாற்றினால் கூட்டல், ஒற்றை எண்ணிக்கையில் மாற்றினால் கழித்தல். பதினோராம் வகுப்பில் அணிக்கோவையின் இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் குறி மாறும் என்று படிக்கிறோமே, அந்தக் குறிதான்.